மூன்று நாளைக்கு எந்த டிராம் சீட்டு

சேசு மரி சூசை துணை

ஜார்ஜ் டவுன், பினாங்கு,
1927 ஆகஸ்டு 3

அன்பு மகன் செபாஸ்டியனுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் மன்றாட்டால் நானும் அப்பாவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு நன்றாக இருக்கிறோம், நீயும் மருமகள் லீனாவும் அங்கே சிங்கப்பூரில் அதைவிட நன்றாக இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் கேட்காமல் நான் கோவிலை விட்டு இறங்குவதில்லை. உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. தபால்காரன் கூப்பிடும்போது கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தேன், அந்தக் கையோடேயே ஓடிப் போய் வாங்கினேன், அதனால் உறையெல்லாம் தவிடு, அப்பா வந்து பார்த்துவிட்டு மகன் கடிதத்தைக் கோழிக்குப் போடப் பார்த்தாயா என்று கேட்டார். அப்பாவுக்கு இருமல் இப்போது பரவாயில்லை. நீ அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் துறைமுகத்துக்குப் போகிறார், வெயிலில் நின்று மூட்டை எண்ணி எழுதுகிற மனிதருக்குக் கம்பளி எதற்கு என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன், வேர்க்கிறது ஆனாலும் மகன் அனுப்பியதாயிற்றே என்கிறார். அடுத்த வீட்டு ஷேக் அலாவுதீன் அண்ணன் தன் சாப்பாட்டுக் கடைக்குப் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார், அவர் சம்சாரம் ஹாஜரா உன்னை ரொம்பவும் விசாரித்தாள். லீனா உண்டாகியிருக்கிறாள் என்று நீ எழுதிய வரியை அப்பா உரக்க வாசித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு மறுபடியும் வாசித்தார். போன வருஷம் மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனபோது இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் அந்தக் கடிதத்தையும் வாசித்தார். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான், நீ பயப்படாதே.

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் லீவு எடுத்து லீனாவை அழைத்து வருகிறாய், வழிப் பயணம் போகப் பினாங்கில் மூன்று நாள்தான், டாக்டர் அவளை அதிகம் நடக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், ஆகையால் டிராமிலேயே எல்லா வீட்டுக்கும் போய் வர எந்தச் சீட்டு வாங்கினால் நல்லது என்று விசாரித்து எழுது அம்மா என்று கேட்டிருந்தாய். உன் கல்யாணத்தின்போது நான் ஜுரத்தில் கிடந்தேன், அப்பா மட்டும்தான் சிங்கப்பூர் வந்தார், மருமகள் முகத்தை இன்னும் நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் அவளை எப்போது கூட்டிக்கொண்டு வருகிறாய் என்று கேட்டு உன்னை நச்சரித்தவளும் நான்தான். அதனால் இந்தக் கடிதம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே சீட்டு விசாரிக்கக் கிளம்பிவிட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஏறும்போதெல்லாம் தூரத்துக்குத் தக்கபடி காசு கொடுத்து வாங்குவதுதான் லாபம், எந்த வீட்டுக்குப் போனாலும் சாப்பிட வைத்து உட்கார வைத்துவிடுவார்கள், ஒரு நாளைக்கு இரண்டு வீடு தாண்ட மாட்டார்கள் என்றார் அப்பா. டிராம் கண்டக்டரோ வாரச் சீட்டு வாங்குங்கள் அம்மா, வாரம் பூராவும் ஏறலாம் இறங்கலாம் என்றான், மூன்று நாளைக்கு வருகிற பிள்ளை மீதி நாளில் யாரை ஏற்றி அனுப்புவான் என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே மணியை அடித்துவிட்டான். அலாவுதீன் அண்ணன், "சீட்டாவது ஒண்ணாவது, புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு ரிக்‌ஷாதான்லா நல்லது, மெதுவா இழுக்கிற ஆளா நான் பார்த்துத் தரேன்" என்றார். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் எந்த வண்டியிலும் ஏறலாம் என்று நாள் சீட்டு ஒன்று இருக்கிறது, அது டிராமிலும் செல்லும், மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற புது பஸ்ஸிலும் செல்லும். ஆனால் பாகான் டாலாமில் இருக்கிற உன் அத்தை வீட்டுக்குக் கடல் தாண்டிப் போக வேண்டும், பெரிப் படகில் அந்தச் சீட்டைக் காட்டினால் சிரிப்பார்கள். இப்படி எல்லாரும் சொல்வதைக் கேட்டுத் தலை சுற்றிப் போய், நாமே ஒரு நாள் சீட்டு வாங்கி நீங்கள் போகிற வழியெல்லாம் போய்ப் பார்த்துவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. எந்த இடத்தில் வண்டி அதிகம் குலுக்குகிறது, எங்கே படி உயரமாக இருக்கிறது, எங்கே இறங்கினால் வீட்டுக்கு நடை குறைவு, எல்லாம் பார்த்து எழுதிவிடலாம் என்று நினைத்தேன். உன் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

திங்கட்கிழமை பூசை முடிந்து நேரே போய்ச் சீட்டு வாங்கினேன். என்னவோ கவர்னர் துரை மாதிரி இருந்தது எனக்கு. முதலில் டத்தோ கிராமாட்டுக்கு, ஞானஸ்நானத்தில் உன்னைக் கையில் ஏந்திய ஞானத்தாய் தெரேசா அக்காள் வீட்டுக்குத்தான் போக வேண்டும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. நம் ஆட்களிடம் பிள்ளை பிறக்கிற சேதியானாலும் கல்யாணச் சேதியானாலும் முதலில் ஞானத்தாய் காதில் போட்ட பிறகுதான் மற்ற வீட்டுக்கு. கல்யாணமான பிள்ளை பெண்சாதியை அழைத்துக்கொண்டு வந்தாலும் முதலில் ஞானத்தாய் அவள் நெற்றியில் சிலுவை போட்ட பிறகுதான் வேறு எங்கேயும் கை நனைக்கலாம். உன் கல்யாணத்துக்கு நான் ஜுரத்தில் கிடந்ததால் அக்காளுக்கு நேரில் போய்ச் சொல்ல முடியாமல் தபாலில் பத்திரிகை அனுப்பினேன், இதே ஊரில் இருந்துகொண்டு தபாலா என்று அன்றைக்குக் கோபித்துக்கொண்டவள்தான், அதற்குப் பிறகு கோவிலில் பார்த்தாலும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விடுவாள். இந்த முறையாவது சரியாகச் செய்ய வேண்டும் என்றுதான் புறப்பட்டேன். ஆனால் மகனே, நாள் சீட்டு கையில் இருந்தால் புத்தி வேறு மாதிரி வேலை செய்கிறது. சந்திப்பில் டத்தோ கிராமாட் டிராமுக்கு நின்றேன், அது வரவில்லை, ஜெலுத்தோங் போகிற பஸ் வந்து முன்னால் நின்றது, சும்மா நிற்பானேன், சீட்டுத்தான் இருக்கிறதே என்று ஏறிவிட்டேன். அதில் குலுக்கல் குறைவு, இரும்புத் தண்டவாளம் இல்லாததால் மெத்தென்று போகிறது, லீனாவுக்கு இது ஆகும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். உன் சித்தப்பா சூசை வீட்டு வாசலை வெறுமனே பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனேன், சித்தி சன்னலிலிருந்து பார்த்துவிட்டாள், கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய்விட்டாள். வந்த காரணம் கேட்டாள். எனக்கு வாயில் எதுவும் நிற்காது என்பது உனக்குத் தெரியும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம், சுடச்சுடக் கொழுக்கட்டை வைத்திருந்தாள், தின்றது போக வாழை இலையில் கட்டியும் கொடுத்தாள்.

அந்தப் பொட்டலத்தோடு தெரேசா அக்காள் வீட்டுக்குப் போனேன் என்றால் என் புத்தியை என்னவென்று சொல்வது. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் அசையவில்லை, பிறகு உள்ளே வா என்றாள், அது போதும் என்று எனக்கு வயிறு குளிர்ந்தது. உட்கார்ந்து பொட்டலத்தை மேசைமேல் வைத்தேன், அவள் அதைப் பார்த்தாள், நாலு மூலையும் மடித்து வாழை நாரில் இரட்டை முடிச்சு, அந்தக் கட்டு யார் கட்டு என்று இந்த ஊரில் நம் ஆட்களுக்கெல்லாம் தெரியும். "ஜெலுத்தோங்குல தின்னுட்டுத்தான் இங்க வர்றியா சவுந்தரம்? அப்ப சேதி எனக்குப் பழைய சேதிதான்" என்றாள். நான் சீட்டை எடுத்துக் காட்டி, பஸ் முன்னால் வந்ததைச் சொல்லி, சின்னப் பிள்ளை மாதிரி உளறினேன். அவள் சிரிக்கவில்லை. வேறு வழியில்லாமல் இருந்ததை இருந்தபடி சொன்னேன், பிள்ளை வருகிறான் அக்கா, லீனாவுக்கு மூன்றாம் மாதம், போன வருஷம் கலைந்துபோய்விட்டது, டாக்டர் நடக்கக் கூடாது என்கிறார், அதனால்தான் எந்த டிராம் அதிகம் குலுக்காது என்று நானே ஏறிப் பார்த்துக்கொண்டு வருகிறேன், உன் வீட்டுக்கு இன்ன இடத்தில் இறங்கினால் பத்தடிதான் நடை, முதல் வாசல் உன் வாசல்தான் என்றேன். அவள் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "டிராம் குலுக்குமான்னு பார்க்க வந்தியா? சிங்கப்பூர்லேருந்து அக்கரையில பிறை ஸ்டேஷன் வரைக்கும் ராத்திரியும் பகலும் ரயில் வருதே, அது குலுக்காதா? அதில நீ ஏறிப் பார்த்தியா?" என்று கேட்டாள். கேட்டவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு மூணு தடவை போச்சு, உனக்குத் தெரியாதா? ரெண்டாவது தடவை தைப்பிங்லேருந்து ரயில்ல வந்து இறங்கின மறுநாள். ரயில்னாலதானான்னு எந்த டாக்டரும் சொல்லல. ஆனா இன்னிக்கு வரைக்கும் நான் அதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தப் பொண்ணு அப்படிக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா, சவுந்தரம்?" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை.

மகனே, நான் பொல்லாதவள் இல்லை, ஆனால் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. படி உயரத்தைப் பார்த்தேன், தண்டவாளத்தைப் பார்த்தேன், வாசலுக்கு எத்தனை அடி என்று பார்த்தேன், அவ்வளவு பெரிய ரயில் என் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் வர வேண்டாம் என்று எழுத வேண்டி வருமே, அதனால்தான் படவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அக்காள் வீட்டை விட்டு வந்து டிராமில் ஏறினேன், நம் வீட்டுப் பக்கம் போகிற வண்டியா எதிர்ப்பக்கம் போகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை, அது ஆயர் ஈத்தாம் போகிற வண்டி, கடைசி வரைக்கும் போய் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், இறங்கவில்லை, அது திரும்பும்போது நானும் திரும்பினேன். கண்டக்டர் வந்து சீட்டைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், அடுத்த ஆளிடம் போய்விட்டான். அப்பா வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். அவர் உங்களுக்காக முன்னறையை ஒழித்து, புதுப் பஞ்சு மெத்தை தைக்கக் கொடுத்திருந்தார், துறைமுகத்தில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார், பெரி வந்து நிற்கும்போது எந்த இடத்தில் நின்றால் உங்கள் முகம் முதலில் தெரியும் என்றுகூடப் பார்த்து வைத்திருந்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். பிறகு பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கி, தூசி தட்டி, என் முன்னால் வைத்து, "அப்ப நீ போயிட்டு வா" என்றார்.

ஆகையால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான், எந்தச் சீட்டும் வேண்டாம், நீங்கள் வர வேண்டாம். இந்த வரியை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உனக்குச் சொல்ல மாட்டேன். நான் வருகிறேன். அப்பாவுக்கு லீவு கிடைக்காது, தவிர கப்பல் வந்து நிற்கிற மாதம், பிறை வரைக்கும் வந்து ரயில் ஏற்றிவிடுவார், சாப்பாட்டுக்கு அலாவுதீன் அண்ணன் கடை இருக்கிறது, ஹாஜரா பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள், கோழிகளையும் அவளே பார்த்துக்கொள்வாள். இந்த வயதில் தனியாக அவ்வளவு தூரம் எப்படிப் போவாய் என்று நீ கேட்பாய். தனியாக இல்லை. நேற்றுக் காலையில் பூசை முடிந்து வெளியே வந்தேன், தெரேசா அக்காள் படியில் நின்றுகொண்டிருந்தாள், முக்காடு விலகியிருந்தது, "நீ எப்பப் புறப்படுறே?" என்று கேட்டாள், அக்டோபர் ரோசரி மாதம் பிறக்கிறதற்கு முன்னால் என்றேன், "அப்ப எனக்கும் சேர்த்து ரயில் டிக்கெட் எடு, நீ தனியாப் போனா வர்ற ரயில்ல எல்லாம் ஏறிடுவே" என்றாள். நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள், கோவில் வாசலில் இரண்டு கிழவிகள் சிரிப்பதைப் பார்த்துச் சாமியார்கூடத் திரும்பிப் பார்த்தார். ரயில் முழுவதும் அவள் எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வருவாள், நான் கேட்டுக்கொண்டு வருவேன், எனக்கு அது வேண்டும்தான். ஞானத்தாய் தேடிப் போய்ப் பிள்ளை வீட்டு வாசல் ஏறுவது நம் வழக்கத்தில் இல்லை என்று சூசை வீட்டில் முணுமுணுத்தார்களாம், வழக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்காள் சொல்லி அனுப்பிவிட்டாள்.

நாங்கள் வருவதற்காக நீ ஒன்றும் வாங்கி வைக்காதே. உங்கள் ஊரிலும் டிராமும் கம்பி பஸ்ஸும் ஓடுகிறதாம், நாள் சீட்டு வாரச் சீட்டு என்று எதையாவது எடுத்து வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டக் கூப்பிட்டால் நான் வர மாட்டேன், வீட்டை விட்டு வாசல்படி தாண்ட மாட்டேன். பிள்ளையைப் பார்க்க வருகிறேன், தெருவைப் பார்க்க இல்லை. தண்ணீர்க் குடத்தை லீனா தூக்க வேண்டாம், அந்த வேலைக்கு ஒரு ஆள் வை. துணி துவைக்கிறேன் என்று குனிந்து உட்கார வேண்டாம். அன்னாசி, பப்பாளி பக்கமே போகக் கூடாது. வாந்தி அதிகம் என்று எழுதியிருந்தாய், காய்ச்சிய கஞ்சியில் கொஞ்சம் இஞ்சிச் சாறு விட்டு ஆற வைத்துக் கொடு, நீயே செய்து கொடு, வெட்கப்படாதே, உன் அப்பா எனக்குச் செய்து கொடுத்திருக்கிறார். அவளுக்குத் தாய் இல்லை, அவள் அப்பா வாத்தியார், அவருக்குப் பாடம் சொல்லத் தெரியும் இதெல்லாம் தெரியாது, ஆகையால் பயமாக இருந்தால் அவள் யாரிடம் சொல்லுவாள் என்று நினைத்து எனக்குத் தூக்கம் வருவதில்லை. போன வருஷம் அவள் என்ன சொல்லி அழுதாள் என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. உன்மேலோ அவள்மேலோ இதில் ஒரு குற்றமும் இல்லை என்று நான் சொன்னதாக அவளிடம் சொல்லு, என் வாயால் சொன்னதாகச் சொல்லு. புது மெத்தையை அப்பா சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறார், பேரப்பிள்ளை வந்து படுக்கும்போதுதான் பிரிப்பாராம், அதுவரைக்கும் என்னையும் படுக்க விடமாட்டார்.

அன்புப் பிள்ளைகளே, சேசுநாதர் உங்கள் இரண்டு பேரையும், உள்ளே இருக்கிற மூன்றாவது ஆளையும், தம் கைக்குள் வைத்துக் காப்பாராக, மாதா உங்கள் வீட்டு வாசலில் காவல் இருப்பாளாக. அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், இரண்டு முறை சொல்லச் சொன்னார். ரயில் ஏறும் நாள் தெரிந்ததும் தந்தி கொடுக்கிறோம். நீ மட்டும் ஸ்டேஷனுக்கு வந்தால் போதும், லீனாவை அழைத்து வராதே. நாங்கள் வீட்டுக்குள் வரும்போது மாமியார் வருகிறாள் என்று அவள் பதறிப்போய் எழுந்திருக்க வேண்டாம், படுத்திருந்தபடியே இருக்கட்டும், பக்கத்தில் நாங்களே வந்து உட்கார்ந்துகொள்கிறோம்.

உங்கள் அம்மா,
சவுந்தரம் பாக்கியசாமி